மதுரையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்: முதல்முறை பறப்பவர்களுக்கும் வழியனுப்புபவர்களுக்கும்

மேலூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் துபாயில் இருக்கிறார், இளையவர் சிங்கப்பூரில். "துபாய் பக்கம்தான் தம்பி. காலையில் பத்து மணிக்கு ஏறினால் பகல் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறான். சிங்கப்பூர்தான் தொலைவு. அதே பத்து மணிக்கு ஏறினாலும் சாயங்காலம் ஆகிவிடுகிறது" என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்து அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் மதுரை விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் துபாய் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏறத்தாழ 3,015 கிலோமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே உள்ள தூரம்தான். வானில் இருக்கும் நேரமும் இரண்டுக்கும் நாலேகால் மணி நேரத்தை ஒட்டியே வரும்.

தூரம், வானில் கழியும் நேரம், டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் கடிகார நேரம், வீட்டு வாசலிலிருந்து அந்த ஊர் வாசல்வரை ஆகும் நேரம். இந்த நான்கும் வேறு வேறு கணக்குகள். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வதால்தான் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் காரணமில்லாமல் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். நான்கையும் ஒரு தாளிலும் பென்சிலிலும் போட்டுப் பார்க்க முடியும். எங்கள் பக்கத்திலிருந்து முதல்முறை வெளிநாடு போகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: ஊர்ப் பெயரை விட்டுவிட்டுக் குறியீட்டைப் பிடியுங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. டிக்கெட்டிலும், பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் அதுதான் இருக்கும். மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். முதல்முறை இணையத்தில் தேடுகிறவர்கள் எம்.டி.யு. என்று தாங்களாகவே ஊகித்துத் தட்டிவிடுகிறார்கள். அது பப்புவா நியூகினி நாட்டில் உள்ள மெண்டி என்ற ஊரின் குறியீடு. திரையில் வரும் தூரத்தைப் பார்த்து மலைத்துப்போய் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

திருச்சி டி.ஆர்.இசட்.; திருவனந்தபுரம் டி.ஆர்.வி. கடைசி எழுத்துதான் வேறு. மதுரைக்காரர்கள் இரண்டு நிலையங்களையும் பயன்படுத்துவதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். நம் சேலம் எஸ்.எக்ஸ்.வி.; அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது, அது எஸ்.எல்.இ. இலண்டன் என்று சொன்னால் ஹீத்ரோவா, காட்விக்கா என்று கேளுங்கள். துபாயிலேயே இரண்டு நிலையங்கள் உள்ளன. நியூயார்க் போகிறவருக்குச் சில சமயம் நியூவார்க் நிலையத்துக்கு டிக்கெட் கிடைக்கும். அது ஹட்சன் ஆற்றுக்கு மறுகரையில், வேறு மாநிலத்தில் இருக்கிறது. அழைத்துப்போக வருகிறவர் எந்த நிலையத்துக்கு வர வேண்டும் என்பது இந்த மூன்றெழுத்தில் அடங்கியிருக்கிறது.

இரண்டாம் படி: தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

இணையத்தில் இரண்டு குறியீடுகளைத் தட்டினால் தூரம் வந்துவிடும். அப்படியிருந்தும் ஒருமுறையாவது கையால் அளந்து பார்க்கச் சொல்வேன். கையால் அளந்தவருக்குப் பிறகு எந்த எண்ணைக் கண்டாலும் அது சரியா, தவறா என்று மனத்தில் பட்டுவிடும்.

பெரியம்மாவுக்கு இதை விளக்கிய அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். பேத்தியின் பள்ளிக்கூட உலக உருண்டை ஒன்று வீட்டில் இருந்தது. குறுக்களவு 30 செ.மீ. அப்படியென்றால் அதன் நடுச்சுற்றளவு 94 செ.மீ. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. எனவே அந்த உருண்டையில் ஒரு செ.மீ. என்பது ஏறத்தாழ 425 கி.மீ. பூக்கட்டும் நூலில் ஒரு முழம் அறுத்துத் தரச் சொன்னேன். உருண்டையில் மதுரையின் பெயர் இல்லை. இலங்கையின் தலைக்கு இடதுபுறம், சற்று மேலே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். பெரியம்மா நூலின் நுனியை அந்தப் புள்ளியில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். துபாய்க்கு இழுத்து ஸ்கேலில் வைத்தால் ஏழு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூருக்கு இழுத்து வைத்தால் ஏழுக்குச் சற்று அதிகம். ஒரு தீக்குச்சியின் கனம்கூட வித்தியாசம் இல்லை. நம்பாமல் அவரே இன்னொருமுறை அளந்தார். பூ வாடுகிறது என்ற நினைவுகூட அவருக்கு இல்லை.

"அப்படியானால் அமெரிக்கா?" என்று கேட்டார். நியூயார்க்குக்கு நூலைக் கொண்டுபோனபோது அரபு நாடுகள், ஆப்பிரிக்காவின் வட ஓரம், அட்லாண்டிக் பெருங்கடல் என்று மேற்கு நோக்கியே இழுத்தார். சுவரில் மாட்டும் வரைபடத்தைப் பார்த்துப் பழகிய எல்லோரும் அப்படித்தான் இழுப்பார்கள். "இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நூலை இறுக்குங்கள்" என்றேன். இறுக்கியதும் நூல் தானாக மேலே வழுக்கிக்கொண்டு போனது. பாகிஸ்தான், ஆரல் கடலின் பக்கம், ரஷ்யா, ஸ்காண்டிநேவியா, ஐஸ்லாந்து, கிரீன்லாந்தின் தென்முனை, கனடாவின் கிழக்குக் கரை என்று வடக்கே வளைந்து சென்று நியூயார்க்கில் இறங்கியது. அளந்தால் 32 செ.மீ. அதாவது 13,700 கி.மீ. அளவில். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இறுக்கிப் பிடித்த நூல் எந்த வழியில் கிடக்கிறதோ, அதுதான் மிகக் குறுகிய வழி. விமானத்தின் தூரம் என்று எங்கு எழுதியிருந்தாலும் அது இந்த நூலின் நீளம்தான்.

பென்சில் கணக்கு வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. மதுரை நிலையம் வட அட்சம் (அட்சரேகை) 9.83 பாகை, கிழக்குத் தீர்க்கம் (தீர்க்கரேகை) 78.09 பாகை; பாகை என்பது டிகிரி. கொழும்புக்குரிய கட்டுநாயக்க நிலையம் அட்சம் 7.18, தீர்க்கம் 79.88. அட்ச வித்தியாசம் 2.65 பாகை, ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 294 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 1.79 பாகை; இதையும் 111 ஆல் பெருக்கி, தீர்க்கக் கோடுகள் வடக்கே போகப் போக நெருங்குவதால், இரண்டு ஊர்களின் சராசரி அட்சத்தின் கோசைனால் (கணிப்பானில் cos), இங்கே 0.99 ஆல், இன்னொருமுறை பெருக்க வேண்டும். 197 கி.மீ. வரும். இனி எட்டாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 354 கி.மீ. சென்னையைவிடக் கொழும்பு நமக்கு அருகில் இருக்கிறது; சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 418 கி.மீ.

துபாய், சிங்கப்பூர் தூரங்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும், ஐந்து கிலோமீட்டருக்குள் வந்து நிற்கும். ஆனால் நியூயார்க்குக்கு இதைப் போட்டால் 15,600 கி.மீ.க்கு மேல் காட்டும். உண்மையைவிட ஏறத்தாழ 2,000 கி.மீ. கூடுதல். பூமி உருண்டை என்பதை அந்த 2,000 கிலோமீட்டர் நமக்கு நினைவுபடுத்துகிறது. மூவாயிரம் கி.மீ.வரை பென்சில், அதற்கு மேல் நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த விமானமும் இந்த நூலின் மேலேயே பறப்பதில்லை. வான்வழிப் பாதைகள் உண்டு, மூடிய வான்வெளிகள் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் அந்த நிறுவனங்களின் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மதுரையிலிருந்து துபாய் செல்லும் வழி கேரளத்தைக் கடந்து அரபிக்கடலின் மேல் ஓமன் பக்கமாகப் போவதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாம் படி: கிலோமீட்டரை மணியாக மாற்றுங்கள்

கிலோமீட்டரை 800 ஆல் வகுத்து, அதனுடன் அரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரம்வரை கூட்டுங்கள். துபாய் 2,950 கி.மீ.; 800 ஆல் வகுத்தால் மூன்று மணி நாற்பது நிமிடம்; அரை மணிக்குமேல் சேர்த்தால் நாலேகால். சென்னைக்கு 418 கி.மீ.; அரை மணி நேரத்துடன் முக்கால் மணியைச் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட்டிலும் பெரும்பாலும் அதைத்தான் காண்பீர்கள்.

அந்த அரை மணி எதற்கு என்று கேட்பார்கள். விமானம் வாசலை விட்டு நகர்ந்து ஓடுபாதைக்குப் போக வேண்டும், உயரம் ஏற வேண்டும், எதிர்முனையில் இறங்க வேண்டும். இறங்குவது என்பது கடைசி ஐந்து நிமிட வேலை அல்ல. 35,000 அடியில் போகும் விமானம், சேருமிடத்துக்கு ஏறத்தாழ 200 கி.மீ. முன்பே இறங்கத் தொடங்கிவிடும். மதுரையிலிருந்து சென்னை போகும்போது இதை நன்றாக உணரலாம். மேலே ஏறி, தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் இருக்கைப் பட்டையைப் போடச் சொல்லும் அறிவிப்பு வந்துவிடும்.

இந்தக் கணக்கு ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஜெட் விமானங்களுக்கு உரியது. அவை உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். பெரிய போயிங் 787 போன்றவை 900 கி.மீ.யை நெருங்கும். இறக்கையில் சுழல்விசிறி (புரொப்பெல்லர்) வைத்த ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் போகும்; குறுந்தொலைவுக்கு அது போட்டிருந்தால் டிக்கெட்டில் பதினைந்து இருபது நிமிடம் கூடுதலாக இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

இருக்கைத் திரையில் கடல் மைல் என்று வந்தால் 1.852 ஆல் பெருக்கிக் கிலோமீட்டராக்கிக்கொள்ளுங்கள். வெறும் மைல் என்றால் 1.609.

மதுரையிலிருந்து இலண்டனுக்கு நேர் விமானம் ஏன் இல்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஹீத்ரோ இங்கிருந்து ஏறத்தாழ 8,360 கி.மீ. அவ்வளவு தொலைவுக்கு எரிபொருள் நிரப்பிய பெரிய விமானம் மேலெழும்ப நீண்ட ஓடுபாதை வேண்டும். மதுரை ஓடுபாதை ஏறத்தாழ 2,285 மீட்டர். அதை நீட்டும் வேலைக்காக இந்த ஊர் நெடுங்காலமாகக் காத்திருக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து இத்தனை பேர் வெளிநாட்டில் இருக்கும்போது அந்த வேலை முடிய வேண்டும் என்பது என் ஆசை.

நான்காம் படி: காற்றைக் கணக்கில் எடுங்கள்

துபாயிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். அதே தூரம், திரும்பி வர ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம். "பூமி சுற்றுவதால்தானே?" என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். பூமி சுற்றும்போது அதைச் சூழ்ந்திருக்கும் காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது. அதனால் விமானத்துக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. காரணம், வட பகுதியில் ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்று. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. கிழக்கே வருகிறவர்களை அது தள்ளிவிடும். மேற்கே போகிறவர்களைத் தடுக்கும்.

நம் ஊர் வானத்தின் கதை சற்று வேறு. ஆடி மாதத்தில் கீழே காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. கம்பம், தேனிப் பக்கம் நின்றால் ஆளையே தள்ளும். அதே நாட்களில் தென்னிந்தியாவின் மேல் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். பயணிகள் விமானம் அதற்குக் கீழேதான் பறக்கிறது என்றாலும், அந்த உயரத்திலும் கிழக்குக் காற்று இருக்கும். அதனால் ஆடியில் துபாய் போகிறவர் சில நிமிடம் முன்னதாகவே இறங்கினால் வியப்படைய வேண்டாம்.

மதுரையிலிருந்து நாலு மணி நேரத் தொலைவுக்குள் காற்றால் வரும் வித்தியாசம் நிமிடக் கணக்குதான். அமெரிக்கா, ஐரோப்பா என்று போகும்போதுதான் மணிக்கணக்காகும். போகும் நேரத்தையே திரும்பும் நேரமாக எழுதிவைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: டிக்கெட்டில் உள்ள நேரம் அந்தந்த ஊர் நேரம்

பெரியம்மாவின் குழப்பத்துக்குக் காரணம் இதுதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி இருக்கும்; சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை 10 மணிக்குப் புறப்பட்டு நாலேகால் மணி நேரம் பறந்தால் நம் கடிகாரத்தில் பிற்பகல் 2:15, துபாயில் 12:45. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அதே 2:15 அங்கே மாலை 4:45. பறந்த நேரம் ஒன்றுதான், சுவர்க் கடிகாரம்தான் வேறு.

கொழும்புக்கு வித்தியாசமே இல்லை. மஸ்கட் துபாயைப் போலவே. கத்தார், குவைத், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். மலேசியா சிங்கப்பூரைப் போலவே. இவை எல்லாம் ஆண்டு முழுவதும் மாறாதவை. இலண்டனும் நியூயார்க்கும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பவை. அதனால் இலண்டன் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை. நியூயார்க் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே மாற்றிவிடும்; பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் மாற்றும். மார்ச் மாதத்தில் பயணம் என்றால் இதை இருமுறை சரிபாருங்கள்.

எந்தப் பயணத்துக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லா நேரங்களையும் இந்திய நேரமாக மாற்றி எழுதி, பிறகு கழியுங்கள். எடுத்துக்காட்டாக, கோடையில் துபாயில் காலை 8:30க்குப் புறப்பட்டு, அன்றே பகல் 2:30க்கு நியூயார்க்கில் இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது. ஆறு மணி நேரம்தான் போல என்று தோன்றும். புறப்பாடு இந்திய நேரம் காலை 10:00. இறங்குவது இந்திய நேரம் நள்ளிரவு 12:00. பதினான்கு மணி நேரம் வந்துவிட்டது.

இனி சொல்வதை இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் மறக்காதீர்கள். நம் வழக்கில் நாள் பொழுது விடிவதில் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணி என்றால் நமக்கு அது வெள்ளி இரவுதான். விமான டிக்கெட்டில் நள்ளிரவு 12 அடித்ததும் தேதி மாறிவிடும். என் மச்சான் ஒருவர் இதில் ஒரு டிக்கெட்டை முழுதாக இழந்தார். அதில் 15ஆம் தேதி 00:40 என்று இருந்தது. 15ஆம் தேதி பகலெல்லாம் பெட்டி கட்டினார். ஊறுகாய்ப் பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றினார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு வேனில் வழியனுப்பக் கிளம்பினோம். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது நேற்று இரவே போய்விட்டது" என்றார். அக்கா குழந்தையைத் தோளில் போட்டபடி அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

டிக்கெட்டில் நேரம் 00 முதல் 05 வரையிலான எண்ணில் தொடங்கினால், வீட்டு நாட்காட்டியில் முந்தைய தேதித் தாளில் "இன்று இரவு புறப்பாடு" என்று எழுதிவையுங்கள். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சிறிதாக அச்சிட்டிருந்தால் மறுநாள் சேரும் என்று பொருள். அழைக்க வருகிறவருக்குத் தேதியைச் சொல்லும்போது அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: இடையில் மாறும் நேரம்

நெடுந்தொலைவுப் பயணத்தில் விமானம் மாறியாக வேண்டும். சுற்றிப் போவதால் தூரம் கூடிவிடும் என்று அஞ்ச வேண்டாம். மதுரை துபாய் 2,950, துபாய் நியூயார்க் ஏறத்தாழ 11,020. இரண்டும் சேர்ந்து 13,970 கி.மீ. நூல் காட்டிய நேர்வழியைவிட 270 கி.மீ. அளவுதான் கூடுதல். நேரத்தை விழுங்குவது இடைக் காத்திருப்பு.

இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பதிவெண்ணில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகும்போது அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்களுடையது; பெட்டியையும் பெரும்பாலும் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குச் சென்னையில் ஒன்றேகால் மணி நேர இடைவெளி வைத்துத் தனித்தனி டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார் ஒரு முகவர். உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவன் போய்ச் சேர்ந்தபோது அங்கே கவுன்ட்டர் மூடியிருந்தது. தனி டிக்கெட் என்றால் நாலு மணி நேரத்துக்குக் குறைவாக நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் முதல்முறை போகிறவருக்கு இரண்டரை மணி நேரமாவது இருக்கட்டும்.

திருச்சியிலிருந்து நேர் விமானம் கிடைத்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சாலையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். இடையில் விமானம் மாறும் தொல்லை இல்லை. மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் விமான அட்டவணைகள் மாறும். போன வருடம் இருந்த விமானம் இந்த வருடமும் இருக்கும் என்று எண்ணி விடுமுறை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: வாசலிலிருந்து வாசல்வரை

மேலூரிலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ 40 கி.மீ. உத்தங்குடியில் சுற்றுச்சாலையைப் பிடித்து, விரகனூர் வழியாக மண்டேலா நகரில் திரும்பினால் ஒரு மணி நேரம் போதும். பன்னாட்டுப் பயணம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். கவுன்ட்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப் பொங்கலன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. நிலையத்துக்குப் போகும் வழியிலேயே அந்த ஊர் இருப்பதால், நகருக்குள்ளிருந்து அவனியாபுரம் வழியாகப் போக நினைக்காமல் சுற்றுச்சாலையில் போங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் புதூர், தல்லாகுளம் பக்கமே தலைகாட்டக் கூடாது.

சென்னைக்குப் போகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் யோசிப்பார். விமானத்தில் ஒன்றேகால் மணி. ஆனால் வீட்டிலிருந்து நிலையம், இரண்டு மணி நேரக் காத்திருப்பு, அங்கே பெட்டி, பிறகு சென்னை நகரச் சாலை என்று கூட்டினால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். தேஜஸ் ரயில் ஏறத்தாழ 490 கி.மீ. தூரத்தை ஆறேகால் மணி நேரத்தில் கடந்து எழும்பூரில் கொண்டுவிடுகிறது. அவசரமில்லை என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன்.

நியூயார்க் பயணத்துக்கு அதே கூட்டல்: வீட்டிலிருந்து நிலையம், அங்கே காத்திருப்பு என்று நான்கு மணி நேரம், துபாய்வரை நாலேகால், இடையில் ஐந்து, பிறகு பதினான்கு, அங்கே குடிநுழைவு, பெட்டி, கார் என்று இரண்டு. ஏறத்தாழ முப்பது மணி நேரம். மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு இந்த முப்பதை வைத்துத்தான் மருந்து எடுத்துவைக்க வேண்டும். கைப்பையில், மருத்துவர் சீட்டுடன்.

வீட்டில் காத்திருப்பவர்களுக்கு

விமானம் எங்கே போகிறது என்று ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளங்களில் கைபேசியிலேயே பார்க்கலாம். பிள்ளை சிங்கப்பூருக்குப் போகும்போது விமானப் படம் வட இலங்கையைக் கடந்து கடலுக்குள் போனதும் சில சமயம் மறைந்துவிடும், அல்லது அசையாமல் நிற்கும். அங்கே ஒன்றும் ஆகவில்லை. விமானம் அனுப்பும் சைகையைக் கரையில் இருக்கும் கருவிகள்தான் பெரும்பாலும் வாங்குகின்றன. நடுக்கடலில் அவற்றுக்கு எட்டாது. சுமத்திரா பக்கம் நெருங்கும்போது படம் மறுபடி தோன்றும். முதல்முறை இதைப் பார்த்த இரவு பெரியம்மா சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இறங்கும் நேரத்தை இந்திய நேரமாக மாற்றி, அதனுடன் இன்னும் ஒன்றேகால் மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானம் நின்று, கதவு திறந்து, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, போனுக்கு இணைப்புக் கிடைத்து அழைப்பதற்கு அவ்வளவு ஆகும். அந்த நேரத்தை நாட்காட்டியில் எழுதிவைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். மேலூர் வீட்டுக் கூடத்தில் இப்போது மூன்று கடிகாரங்கள் இருக்கின்றன. நடுவில் உள்ளது நம் நேரம். இடதுபக்கம் மூத்தவர், வலதுபக்கம் இளையவர். மின்கலம் மாற்றும்போது பெரியம்மா மூன்றையும் ஒன்றாகக் கழற்றித் துடைத்து, ஒன்றரையும் இரண்டரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே முள்ளைத் திருப்பி வைக்கிறார்.